சந்நிதியில் நின்று தரையைப் பார்த்தவன்

ஐரோப்பிய மாந்திரிக நூல்களில் செல்வத்துக்கென்று ஒரு பூதம் உண்டு. மாமோன் என்று பெயர். மலைப்பொழிவில் இயேசுபிரான் இந்தப் பெயரைச் சொன்னபோது அதற்குக் கொம்பும் இல்லை, வாலும் இல்லை. மனிதன் சேர்த்துவைக்கும் பொருளைத்தான் அவர் அப்படிச் சொன்னார். கடவுளுக்கும் அதற்கும் ஒருசேர ஊழியம் செய்ய முடியாது என்றார். உருவம் கொடுத்தது பின்னால் வந்தவர்கள். 1589-இல் ஜெர்மனியில் ட்ரியர் நகரத்துத் துணை ஆயர் பீட்டர் பின்ஸ்ஃபெல்ட் ஏழு பெரும் பாவங்களுக்கு ஏழு பூதங்களை வகுத்தார். பேராசை மாமோனுக்குப் போனது.

ஆனால் இவனை உள்ளபடி கண்டுகொண்டவர் ஆங்கிலக் கவிஞர் மில்டன் என்பேன். 1667-இல் வெளிவந்த அவருடைய காவியத்தில், நரகத்தில் விழுவதற்கு முன் மாமோனும் ஒரு தேவதூதன். பரலோகத்தில்தான் இருக்கிறான். மற்றவர்கள் ஆண்டவனைத் தரிசித்து நிற்க, இவன் மட்டும் குனிந்து தரையைப் பார்க்கிறான். ஏன்? அங்கே தளம் பொன்னால் ஆனது! விழுந்த பிறகு கெட்டவன் அல்ல இவன். சந்நிதியிலேயே கெட்டுப்போனவன். எனக்கு இதைவிட அச்சம் தரும் காட்சி வேறில்லை.

மாமோனின் அந்தப் பார்வை மனிதரிடமும் உண்டு. 1715-இல் ஜெர்மனியின் யேனா நகரில் நடந்ததைக் கேளுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. ஒரு மாணவனும் இரண்டு விவசாயிகளும் திராட்சைத் தோட்டத்துக் குடிசை ஒன்றில் கூடினார்கள். ஆவிகளை அழைத்துப் புதையல் எடுப்பது நோக்கம். பழங்கதைகளின் மந்திரவாதி ஃபாஸ்டின் பெயரால் வழங்கிய மந்திர நூல் கையில். குளிருக்குக் கரி நெருப்பு. மறுநாள் வந்து பார்த்தால், விவசாயிகள் இருவரும் பிணம், மாணவன் நினைவிழந்து கிடக்கிறான். அடுத்த இரவு அங்கே காவலிருந்தவர்களிலும் ஒருவர் இறந்தார். பூதம் அடித்தது என்று ஊர் நடுங்கியது. ஹாலே நகரத்து மருத்துவர் ஃப்ரெட்ரிக் ஹோஃப்மன், மூடிய குடிசைக்குள் கரிப்புகை செய்த வேலை இது என்று எழுதினார். அவர் சொன்னதே உண்மை.

என் மனத்தை அறுப்பது வேறு. மாட்டுத்தொழுவத்தில் பிறந்த ஏழையின் திருநாளுக்கு முந்தைய இரவு அது. அந்த மந்திரங்கள் எதனால் ஆனவை தெரியுமா? இறைவனுடைய திருநாமங்களால்! அவர்கள் கடவுளை மறுத்தவர்கள் அல்ல. புதையலைத் திறக்கும் சாவியாக அவன் பெயரை எடுத்தார்கள். பூதத்தை வணங்குகிறவன்கூட அதன் பெயரை ஒளிக்காமல் சொல்கிறான். ஆண்டவனையே பணத்துக்கு ஏவலாளாக்குவது அதைவிடக் கொடியது.

பசித்தவன் சோறு கேட்பதையோ, கடன்பட்டவன் கண்ணீர் விடுவதையோ நான் குறை சொல்லவில்லை. அது பிள்ளை பெற்றோரிடம் கேட்பது. போதுமான அளவு உள்ளவர்களிடம்தான் என் வேண்டுகோள்: இன்றிரவு பூஜை அறையிலோ ஜெபத்திலோ நிற்கும்போது, ஒரு வேளையாவது எதையும் கேட்காமல் ஆண்டவன் முகத்தைப் பாருங்கள்.