வாக்கும் விளையாட்டும்: முன்பணம் பெற்ற படைப்பாளியின் கடப்பாடு

கையிலிருக்கும் பொருளை ஒருவன் விற்கும்பொழுது, வாங்குபவன் அதனைக் கண்டும் தொட்டும் மதிப்பிட்டுக்கொள்ளலாம். இன்னும் தோன்றாத பொருளைத் தருவதாகக் கூறி ஒருவன் முன்பணம் பெறுமிடத்துக் கொடுப்பவனுக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. பெறுபவனுடைய சொல்லே அவனுக்குரிய ஒரே பிணையாகின்றது. நாற்காலி செய்யும் தச்சனுக்குத் தான் செய்யப்போவது யாது என்பது முன்னரே தெரியும். கலைப்படைப்பில் ஈடுபடுபவனுக்கோ அது செய்துமுடியும்வரை முற்றாகத் தெரிவதில்லை. தானே முற்றாக அறியாத ஒன்றைப் பிறருக்கு வாக்களித்துப் பணம் பெற்றவன் அவர்களுக்கு எதனைச் செய்யக் கடமைப்பட்டவனாகின்றான்? அவர்கள் கூறும் கருத்துக்களுக்கு அவன் எவ்வளவு தூரம் கட்டுப்பட வேண்டும்? இவ்வினாக்கள், சுயாதீனப் படைப்பாளிகள் ஆக்கும் கணனி விளையாட்டுத் துறையிலே அண்மைக்காலத்தில் மிகக் கூர்மையாக எழுந்துள்ளன.

கணனி விளையாட்டுக்களைப் பெரும் நிறுவனங்கள் மட்டுமே ஆக்கி வெளியிட்ட நிலை இன்று இல்லை. கேம்மேக்கர், யூனிட்டி போன்ற ஆக்கக் கருவிகள் எளிதிற் கிடைப்பதால், பகலிற் பிறிதொரு தொழில் பார்த்து, ஓய்வுநேரத்திலே தனியொருவராகவோ இருவர் மூவராகவோ விளையாட்டுக்களை ஆக்குவோர் பல நாடுகளிலும் உள்ளனர். வெளியீட்டு நிறுவனமொன்று முதலிட முன்வந்தாலன்றி இத்தகையோர் தம் ஆர்வத்தை முழுநேரப் பணியாக்கிக்கொள்வது முன்னர் அரிதாயிருந்தது. 2009ஆம் ஆண்டிலே நியூயோர்க்கில் தொடங்கப்பெற்ற கிக்ஸ்டார்ட்டர் போன்ற அமைப்புக்கள் இந்நிலையை மாற்றின. படைப்பாளி தன் திட்டத்தையும் தேவையான தொகையையும் இணையத்திலே அறிவிப்பான். விரும்பியோர் சிறுசிறு தொகைகளை உறுதிசெய்வர். குறித்த காலத்தினுள் இலக்கு எட்டப்பட்டால் மட்டுமே பணம் அறவிடப்படும். அதில் ஐந்து வீதத்தை அமைப்பு தன் கட்டணமாகக் கழித்துக்கொள்ளும். கொடுத்தோருக்குப் பெரும்பாலும் விளையாட்டின் பிரதியொன்று வாக்களிக்கப்படும். இம்முறையினைத் திரள்நிதி எனலாம்.

திரள்நிதி கருவியினாற் புதிது, இயல்பினாற் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலே நூல்கள் பல கையொப்ப முறையில் வெளிவந்தன. அலெக்சாண்டர் போப் 1715 முதல் 1720 வரை வெளியிட்ட இலியட் மொழிபெயர்ப்புக்கு 575 கையொப்பக்காரர் இருந்தனர். தமிழிலும் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், அச்சுச் செலவின்பொருட்டு முன்னதாகவே கையொப்பம் திரட்ட வேண்டியவரானார். நூலைக் காணுமுன் அதனை நம்பியவர்களின் பெயர்ப்பட்டியலே அக்காலத்திலும் படைப்புக்கு முதலாயிற்று.

அக்காலத்து நிகழ்ச்சியொன்று இன்றைய வினாவுக்கு நேரே பொருந்துகின்றது. சாமுவேல் ஜோன்சன் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பதிப்பொன்றுக்கான அறிவித்தலை 1756இல் வெளியிட்டுக் கையொப்பக்காரரிடம் முன்பணம் பெற்றார். 1757ஆம் ஆண்டின் இறுதிக்குள் நூல் வெளிவரும் என்பது வாக்கு. ஆண்டுகள் கழிந்தன, நூல் வரவில்லை. 1762இல் சார்ள்ஸ் சேர்ச்சில் என்னும் கவிஞர், பணத்தைப் பெற்றும் நூலைத் தராதவரென ஜோன்சனை அங்கதக் கவிதையொன்றிலே எள்ளினார். 1765இலேதான் எட்டுத் தொகுதிகளாக அப்பதிப்பு வெளிவந்தது. அதன் முன்னுரை ஆங்கிலத் திறனாய்வு வரலாற்றில் நிலையான இடத்தைப் பெற்றது. இங்கு ஓர் உண்மை புலப்படுகின்றது. படைப்பின் பிற்காலச் சிறப்பு, காத்திருந்தவர்களுக்கு இழைக்கப்பட்ட குறையை அழித்துவிடுவதில்லை. அக்குறையும் படைப்பின் சிறப்பைக் குறைத்துவிடுவதில்லை. இரண்டும் வெவ்வேறு கணக்குகள்.

இனி, திரள்நிதியில் நிகழ்வது யாது என்பதை வரையறுத்தல் வேண்டும். அது விற்பனை என்பர் சிலர். விற்பனையாயின் பொருள் பிந்தும்போதே பணத்தை மீளக் கோரும் உரிமை உண்டாகும். முயற்சி தோல்வியுறக்கூடும் என்ற எண்ணத்துக்கே அங்கு இடமில்லை. 2012இல் கிக்ஸ்டார்ட்டர் அமைப்பே தான் ஒரு கடையன்று எனப் பகிரங்கமாக அறிவித்து, எதிர்நோக்கும் இடர்களையும் படைப்பாளிகள் எடுத்துக்கூற வேண்டுமென விதித்தது. அது நன்கொடை என்பர் வேறு சிலர். நன்கொடையாயின் கொடுத்தவன் எதனையும் எதிர்பார்க்கும் உரிமையற்றவன். பிரதி தருவதாக வாக்களித்தமை பொருளற்றதாகிவிடும். இவ்விரு விளக்கங்களும் உண்மையின் ஒவ்வொரு பாதியையே காண்கின்றன.

உண்மையான நன்கொடைக்கு உதாரணம் வேண்டுவோர் அமெரிக்கச் சகோதரர்களான டார்ன் அடம்ஸ், சக் அடம்ஸ் ஆகியோரின் ‘டுவார்ப் போர்ட்ரெஸ்’ என்னும் விளையாட்டை நோக்கலாம். கணிதத்துறையில் கலாநிதிப் பட்டம் பெற்ற டார்ன், பல்கலைக்கழகப் பணியைத் துறந்து இதில் ஈடுபட்டார். 2006இல் வெளியிடப்பட்ட அவ்விளையாட்டு எவருக்கும் இலவசமாகக் கிடைத்தது. விரும்பியோர் பணம் அனுப்பினர். அனுப்பியோருக்குச் சிறுகதையொன்றோ, மெழுகு வர்ணத்தில் வரைந்த படமொன்றோ நன்றியாகக் கிடைத்தது. நாளை இது தருவோம் என்ற பேரம் அங்கு இல்லை. ஏற்கெனவே தரப்பட்டதற்காகவே மக்கள் கொடுத்தனர். மருத்துவச் செலவு பற்றிய அச்சமும் ஒரு காரணமாக, 2022 டிசெம்பரில் அவர்கள் அதன் மேம்பட்ட பதிப்பொன்றை விலைக்கு வெளியிட்டனர். அப்பொழுதும் பழைய வடிவம் இலவசமாகவே தொடர்ந்தது.

திரள்நிதி இதனின் வேறுபட்டது. அது வாக்கின்பாற்பட்டது. வாக்களித்தவன் இழப்பது யாது என்பதே ஈண்டு முதன்மையான வினா. பொழுதுபோக்காக விளையாட்டொன்றை ஆக்குபவனிடம் பணம் இல்லாதிருக்கலாம், நேரம் இல்லாதிருக்கலாம். ஆயினும் தொழில்முறைப் படைப்பாளிக்கு வாய்க்காத ஒரு செல்வம் அவனிடம் உண்டு. தான் தொடங்கியதை எந்நாளிலும் கைவிடலாம் என்னும் சுதந்திரமே அச்செல்வம். சலிப்புற்றால் நிறுத்தலாம், பாதியில் முற்றிலும் வேறொன்றாக மாற்றலாம், அவனால் எவருக்கும் அநீதி இழைக்கப்பட்டதாகாது. பிறரிடமிருந்து முன்பணம் பெறுங் கணத்திலே அவன் விற்பது இச்சுதந்திரத்தையே. விளையாட்டு இன்னும் தோன்றவில்லை. ஆகவே அதனை அவன் விற்றவனல்லன். தன் எழுத்தும் வரைவும் இசையும் பற்றிய தீர்ப்பும் அவனிடமே உள்ளது. கைவிடும் உரிமை மட்டும் அவனை நீங்கிவிடுகின்றது. திரட்டிய தொகை பெரிதா சிறிதா என்பதைவிட, இவ்விழப்பை அறிந்து ஏற்றானா என்பதே ஒழுக்க நோக்கிற் பெரிதாகும்.

இம்மானுவேல் கான்ட் 1785இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலிலே, திருப்பித்தர இயலாதென அறிந்தும் தருவதாகக் கூறிக் கடன் பெறுபவனை உதாரணமாகக் காட்டுவார். அச்செயல் பொது விதியாகுமாயின் வாக்கு என்பதே பொருளிழந்துபோம் என்பது அவர் வாதம். திரள்நிதி கோருவோருட் பெரும்பாலோர் இத்தகைய வஞ்சகரல்லர். அவர்கள் தம்மால் இயலுமென மெய்யாகவே நம்புகின்றனர். அவர்களிடம் நேரும் பிழை பொய்ம்மையன்று. தம் ஆற்றலை அளந்தறியாமை. ஆயினும் பிறர் பணத்தை ஏற்பவனுக்குத் தன்னைத்தான் அளந்துகொள்வதும் ஒரு கடமையே. தன்னை அளவாது கொடுத்த வாக்கு நேர்மையானதாயினும் பொறுப்பற்றதாகும்.

அனுபவமிக்கோரும் இதில் தவறுவர். டிம் ஷேபரின் தலைமையிலான டபிள் பைன் நிறுவனம் 2012 பெப்ருவரியில் 4 இலட்சம் டொலர் கோரியது. 87,000க்கு மேற்பட்டோர் 33 இலட்சத்துக்கு மேற்பட்ட டொலரை வழங்கினர். பணம் பெருகியபோது திட்டமும் பெருகியது. 2013இல் அத்தொகையும் போதாதென அறிவிக்கப்பட்டது. ‘புரோக்கன் ஏஜ்’ என்னும் அவ்விளையாட்டின் முற்பகுதி 2014இலும் பிற்பகுதி 2015இலும் வெளிவந்தன. எனினும், ஆக்கத்தின் இடர்களைப் படமாக்கி நிதியளித்தோருக்குத் தொடர்ந்து காட்டியமை அந்நிறுவனத்தின் நேர்மைக்குச் சான்று. இதற்கு மாறாக, டோபி பொக்ஸ் என்பவர் 2013இல், விளையாடிப் பார்க்கத்தக்க மாதிரிப் பகுதியொன்றை முதலில் இலவசமாக வெளியிட்டு, அதன்பின் 5,000 டொலர் மட்டுமே கோரினார். 2,398 பேர் 51,124 டொலர் வழங்கினர். பெரும்பகுதியைத் தாமே ஆக்கிய ‘அண்டர்டேல்’, எண்ணிய காலத்திற் பிந்தியேனும், 2015 செப்டெம்பரில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. செய்துகாட்டியதன் அளவுக்கே அவர் வாக்கும் நீண்டது.

அடுத்துப் பின்னூட்டல் பற்றிய வினா எழுகின்றது. மாதிரிப் பகுதியை விளையாடியோர் தம் கருத்துக்களைக் கூறுவர். அவருட் பணம் கொடுத்தோர், தம் பணத்தாலேயே இப்படைப்பு தோன்றுவதால் தம் சொல்லுக்கு மேலதிக வலு உண்டெனக் கருதுதல் இயல்பு. இக்கருத்து ஆராயத்தக்கது. கருத்துரை இருவகைப்படும். இவ்விடத்திலே வழி தெரியாது நின்றேன், இங்கு சலிப்புற்றேன் என்பது ஒருவகை. இப்பாத்திரத்தை நீக்குக, முடிவை மாற்றுக என்பது மற்றொருவகை. முன்னது விளையாடியவனின் அனுபவம் பற்றிய சாட்சியம்; அவ்வனுபவத்தை அவனைவிட நன்கறிந்தவர் இலர். பின்னது படைப்பைப் பற்றிய கட்டளை. படைப்பின் முழு உருவத்தை மனத்திற்கொண்டவன் படைப்பாளி ஒருவனே. சாட்சியத்தின் வலு ஊன்றி விளையாடியமையிலிருந்து பிறக்கின்றது. செலுத்திய தொகையிலிருந்து பிறப்பதில்லை. ஒரு சதமும் கொடாதவன் கவனமாக விளையாடிக் கூறும் குறை, நூறு டொலர் கொடுத்தவன் மேலோட்டமாகக் கூறும் புகழுரையிலும் மதிப்புடையது.

மேலும், முன்பணம் கொடுத்தவன் நடுநிலையாளனல்லன். தான் நம்பிய ஒன்று நன்றாக அமைய வேண்டுமென்ற விருப்பம் அவன் கண்ணை மறைக்கலாம்; தாமதத்தால் எழுந்த சினமும் அவ்வாறே மறைக்கலாம். ஆதலால் நிதியளித்தோரின் வட்டத்துக்கு வெளியேயும் விமர்சனத்தைத் தேடுதல் படைப்பாளிக்கு நன்மை பயக்கும். ஆயின் ஓர் எல்லை உண்டு. முதலில் விவரித்த படைப்பை முற்றிலும் வேறொன்றாக மாற்ற முற்படும்பொழுது, அது கலைச் சுதந்திரம் எனக் கூறித் தப்பிவிட முடியாது. அமைதியான புதிர் விளையாட்டென நம்பிக் கொடுத்தவனிடம் போர் விளையாட்டை நீட்டுதல் வாக்குப் பிறழ்வே. கேட்கப்படுவதும், உண்மை கூறப்படுவதும் நிதியளித்தோரின் உரிமை. பணியப்படுவது அவர்கள் உரிமையன்று.

வாக்கு எத்துணை நீளக்கூடும் என்பதற்கு அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரத்துச் சிறு குழுவொன்றின் வரலாறு சான்றாகும். 2014இல் ‘ஹொலோ நைட்’ என்னும் விளையாட்டுக்காக 57,000 அவுஸ்திரேலிய டொலரளவு திரட்டிய டீம் செரி குழுவினர், அதனை 2017இல் வெளியிட்டனர். தொகை இலக்கைத் தாண்டியமையால், மற்றொரு பாத்திரத்தையும் இயக்கத்தக்கதாக்குவோம் என மேலதிக வாக்கொன்றும் அளித்திருந்தனர். அது வளர்ந்து ‘சில்க்சோங்’ என்னும் தனி விளையாட்டாக 2019இல் அறிவிக்கப்பட்டு, 2025 செப்டெம்பரிலேயே வெளிவந்தது. பழைய நிதியாளர்களுக்கு அது இலவசமாக வழங்கப்பட்டது. வாக்கு மிகையாகவே நிறைவேறியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளிற் செய்தி அரிதாகவே கிடைத்தது. காத்திருக்கச் செய்தல் மன்னிக்கத்தக்கது. யாது நிகழ்கின்றதென அறியாது காத்திருக்கச் செய்தல் அத்துணை எளிதாக மன்னிக்கத்தக்கதன்று.

முயற்சி முற்றாகத் தோல்வியுறுமிடத்துச் செய்யத்தக்கதும் இதிலிருந்தே பெறப்படும். பணம் எவ்வாறு செலவாயிற்று, பணி எங்கு தடைப்பட்டது என்பவற்றைக் கூறி, எஞ்சியதைப் பகிர்ந்தளித்தலே நேர்மையான முடிவு. கிக்ஸ்டார்ட்டரின் விதிகளும் இதனையே வேண்டுகின்றன. கொடுத்தவனுக்கும் கடமை உண்டு. இடரை அறிந்து கொடுத்தவன், இடர் நேர்ந்தபின் ஏமாற்றப்பட்ட வாடிக்கையாளனைப்போல் வசைபாடுதல் முறையன்று. தோல்வியும் வஞ்சனையும் வேறுவேறு என உணர்வோர் இருந்தாலன்றித் தோல்வியை ஒப்புக்கொள்ளும் துணிவு எவருக்கும் எழாது.

இப்பிணைப்புக்கு அஞ்சி முன்பணத்தையே மறுத்தவரும் உளர். ‘ஸ்டார்டியூ வேலி’யைத் தனியொருவராக நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 2016இல் வெளியிட்ட எரிக் பரோன், விளையாட்டு நிறைவுறும்வரை எவரிடமும் பணம் பெறுவதில்லையென முடிவுசெய்தார். சியாட்டில் நகரத்து அரங்கொன்றிற் பகுதிநேரப் பணியாளராக வேலை பார்த்தார். வாழ்க்கைத் துணைவியின் வருமானமும் அவரைத் தாங்கியது. ஆகவே அவரும் கடனற்றவரல்லர். ஆயிரம் அயலாருக்குப் பட்டிருக்க வேண்டிய கடனை அவர் வீட்டினுள்ளே பட்டார். சுயாதீனப் படைப்பு என்ற சொல் எவரையும் சாராத படைப்பு எனப் பொருள்படுமாயின், அத்தகைய படைப்பு உலகில் இல்லை. யாரைச் சார்ந்து நிற்பது என்பதைத் தெரிந்தெடுக்கும் உரிமை மட்டுமே படைப்பாளிக்கு உண்டு. தெரிந்தெடுத்தபின் அவர்களுக்கு உழைப்பையும் உண்மையையும் கடமையாகச் செலுத்தி, படைப்பு பற்றிய தீர்ப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்பவன், வாக்குக்கும் கலைக்கும் ஒருங்கே நேர்மையாளனாவான்.