சந்நிதி வீதியில் பிராரத்தம்

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றில், செல்வச்சந்நிதி முருகனிடம் சைக்கிளில் போகும் முதியவரை இடப்பக்கத்தால் முந்தி, ஹாண்டிலை உரசிக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே திரும்புகிறது. அவர் விழுந்தால் ஊர் சொல்வது ஒன்றுதான்: விதி. சைவ சித்தாந்தம் ஆளை இவ்வளவு சுலபமாக விட்டுவிடுவதில்லை. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்பிறவியில் அனுபவிப்பது பிராரத்தம், அனுபவிக்கும்போதே புதிதாக ஈட்டுவது ஆகாமியம் என்று அது வினையை மூன்றாகப் பார்க்கிறது. விழுந்தவரின் பிராரத்தத்தைப் பேசும் ஊர், ஓட்டியவரின் ஆகாமியத்தைத் தொடுவதே இல்லை. வேகம் 30 கிலோமீற்றரிலிருந்து 60 ஆனால் மோதும் ஆற்றல் 4 மடங்காகிறது. அந்தக் கூடுதலை முறுக்கியது முற்பிறவியின் கையல்ல. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோலின்றி யாழ் குடாநாடே சைக்கிளில் ஓடியது. அன்றும் விதி இருந்தது; இந்த வேகம்தான் இல்லை.

அடிபடுவது முதியவரின் பிராரத்தமென்றால் ஓட்டியவர் வெறும் கருவிதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வினைக்குப் பலனைக் கூட்டுவிப்பவன் இறைவன் என்பதே சித்தாந்தம். அவனுக்கு உதவியாளாக எவரும் மோட்டார் சைக்கிளில் வரத் தேவையில்லை. கருவியென்றாலும் கத்திபோலச் சடமல்ல, இச்சையும் அறிவும் உள்ள உயிர். இதே கணக்கு சைக்கிள்காரருக்கும் உண்டு: டைனமோ பழுதாகிக் கிடக்க, இருட்டில் கந்தனை மட்டும் நம்பி மிதிப்பதைப் பக்தி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.