நலத்தை அளப்பவர் யார்?

மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் சிறுநீர்க் குழாயையும் பையையும் சுமந்து வாழும் நோயாளரின் வாழ்க்கைத் தரம் எத்தகையது? இது வைத்தியருக்கு மட்டும் உரிய வினாப்போலத் தோன்றும். சற்று ஊன்றி நோக்கின் மெய்யியல் மாணவரும் இதனைத் தட்டிக்கழித்தல் இயலாது என்பது புலனாகும்.

குழாய் உயிர்காக்கும் கருவி என்பதில் ஐயமில்லை. நீரூட்டப் பருத்து, குழாயைச் சிறுநீர்ப்பையினுள் நிலைநிறுத்தும் பலூனை 1930களில் அமெரிக்க வைத்தியர் ஃபோலி அமைத்தார். இன்றும் பயன்படுவது அவ்வடிவமே. எனினும் ஒரு மாதமளவில் ஏறத்தாழ எல்லோருடைய சிறுநீரிலும் கிருமிகள் குடிபுகுகின்றன. உப்புப் படிந்து குழாய் அடைபடுகின்றது, நள்ளிரவிற் கசிகின்றது. ஆயினும் மனச்சோர்வுக்கு இவற்றினும் ஆழமான காரணம் வெட்கமே என்பது என் எண்ணம். பிறர் காணாது சலம் கழித்தல் குழந்தைப் பருவத்தில் நாம் முதன்முதலிற் பயிலும் தன்னாட்சியாகும். அதனை இழந்தவர் மணத்துக்கு அஞ்சிக் கோவிலுக்கும் கலியாண வீட்டுக்கும் செல்லாதொழிகின்றார். கணவன் மனைவியரிடை நெருக்கமும் பேசப்படாமலே குன்றுகின்றது.

சுகதேகிகளோ, இதைவிடச் சாவு மேல் என எளிதிற் கூறிவிடுவர். ஆனால் அல்பிறெக்ற், டெவ்லீகர் என்போர் 1999இல் வெளியிட்ட ஆய்விலே, பலவகைக் கடும் உடற்குறையுடையோருள் அரைவாசிக்கு மேற்பட்டோர் தம் வாழ்வு நன்றென்றே கூறினர். வெளியே நின்று நோக்குபவரின் கணிப்பு எத்துணை பிழைபடக்கூடும் என்பதற்கு இது சான்று.

அவ்வாறாயின் நோயாளி ‘நலமே’ என்றதும் எமது கடமை தீர்ந்துவிடுமா? இல்லாமைக்குப் பழகிய மனம் தன் வேட்கையையே சுருக்கிக்கொள்ளும் என அமர்த்தியா சென் எச்சரிக்கின்றார். ஆகவே இரு வினாக்களைப் பிரித்தறிதல் வேண்டும். வாழ்வு வாழத்தக்கதா என்பதில் நோயாளியின் சொல்லே முடிவானது. அவருக்கு நாம் கடப்பட்டது எவ்வளவு என்பதற்கோ அவருடைய பொறுமை அளவுகோலாகாது.

இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. முதியோர் சிலருக்குக் குழாய் இடப்படுவது அவர்தம் தேவைக்காகவன்று. படுக்கை நனையாதிருப்பின் பராமரிப்போருக்கு இலகு என்பதற்காகவே. நாளொன்றுக்குச் சிலமுறை தாமே குழாயிட்டுச் சலத்தை அகற்றியபின் அதனை எடுத்துவிடும் எளிய முறையை லப்பிடெஸ் 1972இல் முன்வைத்தார். கை இயங்குவோர் பலருக்கு அது பொருந்தும். அத்தகைய வழியொன்று உண்டென எவராலும் சொல்லப்படாத ஒருவர் தம் பையோடு அமைதியாய் இருப்பாராயின், அவ்வமைதியை அவருடைய தெரிவு என எவ்வாறு கூறுவது?