நடு என்பது பாதி அல்ல

காயிலோவர் என்பது சுருள் ஸ்பிரிங்கும் டேம்பர் எனப்படும் ஷாக் அப்சார்பரும் ஒரே அச்சில் இணைந்த அமைப்பு. வண்டியின் எடையை ஸ்பிரிங் தாங்குகிறது. மேட்டில் ஏறும்போது சுருங்கி, வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தருகிறது. அந்த ஆற்றல் முடிவில்லாமல் ஆட்டமாகத் தொடராதபடி ஷாக் அப்சார்பர் அதை எண்ணெய்க்குள் வெப்பமாக்கி அடக்குகிறது. சாதாரணக் காரில் இந்த இரண்டின் அளவும் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடும். ஸ்போர்ட்ஸ் காருக்கென்று தனியே வாங்கும் காயிலோவரில் உயரத்தை ஏற்றி இறக்கலாம், ஸ்பிரிங்கை மாற்றலாம், டேம்பரின் தலையில் உள்ள திருகைக் கிளிக் கிளிக்காகத் திருப்பி இறுக்கலாம் அல்லது தளர்த்தலாம். ஒரு முனையில் முழு இறுக்கம், மறுமுனையில் முழுத் தளர்ச்சி. இவற்றுக்கிடையே சரியான இடம் எது? எண்ணிப் பார்த்து நடுக் கிளிக்கில் நிறுத்தினால் போதும் என்பது முதலில் தோன்றும் விடை. அந்த விடை தவறு. புத்தர் காட்டிய நடுவழியைப் பற்றிப் பலர் வைத்திருக்கும் எண்ணமும் இதே இடத்தில்தான் தவறுகிறது. இரண்டு மிகைகளையும் அளந்து பாதியில் வெட்டினால் நடு கிடைத்துவிடும் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

நடுவழியை இறுக்கமும் தளர்ச்சியுமாக விளக்கும் மூலக் கதை சோண கோளிவிசனுடையது. பாலி நூல்களில் அங்குத்தர நிகாயத்தின் ஆறாம் தொகுதியிலும் விநயத்தின் மகாவக்கத்திலும் அது வருகிறது. சோணன் சம்பா நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளை. உள்ளங்காலில் மயிர் முளைத்திருக்கும் அளவுக்கு மண்ணில் கால் படாமல் வளர்ந்தவன். துறவு பூண்டு ராஜகிருகத்தின் சீதவனத்தில் தங்கி, நடந்தபடியே தியானம் செய்தான். பாதம் கிழிந்து, நடைபாதை முழுவதும் இரத்தமானது. இவ்வளவு உழைத்தும் மனம் விடுபடவில்லையே, வீட்டுக்குத் திரும்பிச் செல்வத்தைக் கொண்டு அறம் செய்யலாமா என்று எண்ணினான். அப்போது புத்தர் வந்து, அவன் முன்பு வீணை வாசிப்பதில் தேர்ந்தவன் என்பதை நினைவூட்டிக் கேட்கிறார்: நரம்பை மிக முறுக்கினால் இசை எழுமா? மிகத் தளர்த்தினால் எழுமா? இரண்டுக்கும் இல்லை என்கிறான். சரியான சுருதியில் நிறுத்தினால் எழுமா என்றதற்கு ஆம் என்கிறான். முயற்சியும் அப்படித்தான் என்று சொல்லி, ஐந்து மன ஆற்றல்களையும் ஒன்றோடொன்று சமன்படுத்தும்படி புத்தர் பணிக்கிறார். விநயத்தில் இதற்குப் பின் ஒரு சிறு செய்தி உண்டு: மென்மையான பாதம் கொண்ட சோணன் ஒற்றை அட்டை கொண்ட செருப்பு அணியலாம் என்று புத்தர் அனுமதிக்கிறார். தனக்கு மட்டும் அந்தச் சலுகை வேண்டாம் என்று அவன் மறுக்க, சங்கம் முழுவதற்கும் அனுமதி கிடைக்கிறது. உடலுக்கும் தரைக்கும் இடையே ஒரு மெத்தை தேவை என்பதை ஏற்ற துறவு அது.

சம்பா இருந்த இடம் இன்றைய பாகல்பூருக்கு அருகே, கங்கைக் கரையில். அதே கங்கையின் கிளைதான் ஊக்ளி என்ற பெயரில் கொல்கத்தாவைக் கடந்து கடலுக்குப் போகிறது. இந்தக் கதைகள் இந்தியாவுக்கு மீண்டும் பழக்கமானதில் அந்த நகரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கிருபாசரண் மகாஸ்தவிரர் 1892இல் அங்கே பௌத்த தர்மாங்குர சபையை நிறுவினார். அநகாரிக தர்மபாலர் 1891இல் கொழும்பில் தொடங்கிய மகாபோதி சங்கம் அடுத்த ஆண்டே கொல்கத்தாவை நடுவிடமாகக் கொண்டது. காலேஜ் சதுக்கத்தில் அதன் தர்மராஜிக விகாரை 1920இல் எழுந்தது. அந்த விகாரையிலிருந்து சற்றுத் தெற்கே போனால் பழைய கார் பாகங்களுக்குப் பேர்போன மல்லிக் பஜார். ஒவ்வொரு செப்டம்பரிலும் விஸ்வகர்மா பூஜை நாளில் நகரத்துப் பட்டறைகளில் கருவிகளுக்கு முன் விளக்கேற்றி வணங்குகிறார்கள். இயந்திரத்தைச் சீர்செய்வது வணக்கத்துக்கு உரிய வேலை என்ற எண்ணம் அங்கே புதிதல்ல.

வீணை உவமையைக் கூர்ந்து படித்தால் அதில் பாதி என்ற கணக்கே இல்லை என்பது விளங்கும். பிரடையை எத்தனை சுற்று முறுக்குவது என்று புத்தர் சொல்லவில்லை. நரம்பின் தடிமன், நீளம், எழ வேண்டிய சுருதி ஆகியவை சேர்ந்தே அளவை முடிவு செய்கின்றன. அரிஸ்டாட்டிலும் இதையே வேறு வழியில் சொன்னார்: பத்து அளவு உணவு மிகுதி, இரண்டு அளவு குறைவு என்பதற்காக ஆறு எல்லோருக்கும் சரியாகிவிடாது, மல்லன் மைலோவுக்கு ஆறு போதாது, பயிற்சியைத் தொடங்குபவனுக்கு அது அதிகம்.

காயிலோவரில் இதை எண்ணாலேயே காட்டலாம். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ எடை நிற்கிறது, சக்கரத்தில் அளந்தால் ஸ்பிரிங்கின் கடினம் மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் என்று கொள்வோம். அந்த மூலை விநாடிக்கு ஏறத்தாழ 1.6 முறை ஆட விரும்பும். ஒரு தடவைகூடத் தாண்டி ஆடாமல் விரைவில் நிலைக்குத் திரும்ப வைக்கும் அடக்கத்தை எல்லை அடக்கம் என்பார்கள். இங்கே அது மீட்டருக்கு 6,000 நியூட்டன் விநாடி. தெருவில் சுகமாக ஓடும் கார் அதில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கேட்கும். பந்தயக் கார் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டிக் கேட்கும். டேம்பர் 1,800 அளவில் இருந்தால் பங்கு 30 சதவீதம். இப்போது உரிமையாளர் ஸ்பிரிங்கை மட்டும் இரண்டு மடங்கு கடினமாக்குகிறார். எல்லை அடக்கம் ஏறக்குறைய 8,500 ஆக உயர, அதே டேம்பரின் பங்கு 21 சதவீதத்துக்கு இறங்குகிறது. கார் முன்னைவிடக் கடினமாகவும் அடங்காமலும் குதிக்கிறது. திருகை யாரும் தொடவில்லை. ஆனாலும் நடு நகர்ந்துவிட்டது. அது திருகில் குடியிருப்பதல்ல, எடைக்கும் ஸ்பிரிங்குக்கும் டேம்பருக்கும் இடையிலான உறவில் இருப்பது.

சோணனுக்குச் சொல்லப்பட்ட ஐந்து மன ஆற்றல்களுக்கிடையிலும் இதே போன்ற உறவு இருப்பதைப் பாலி உரையாசிரியர் புத்தகோசர் விசுத்திமக்கத்தில் நன்றாகப் பிரித்துக் காட்டினார். நம்பிக்கை மிகுந்து அறிவு குறைந்தால் கண்மூடித்தனம்; அறிவு மிகுந்து நம்பிக்கை குறைந்தால் தந்திரம். முயற்சி மிகுந்து ஒருமை குறைந்தால் பதற்றம். ஒருமை மிகுந்து முயற்சி குறைந்தால் சோம்பல். ஆகவே இவை இணை இணையாகச் சமன்பட வேண்டும். கவனம் ஒன்றுக்கு மட்டும் இணை கிடையாது. அது எவ்வளவு இருந்தாலும் மிகையாகாது என்றார்.

சஸ்பென்ஷனைச் சீர்செய்யும் வேலையும் இதே முறையில் இணை இணையாகவே நடக்கிறது. முதலில் ஓட்டுபவர் அமர்ந்த நிலையில் நான்கு மூலைகளின் எடையை அளக்க வேண்டும். கார் எந்தத் தரையில் ஓடப் போகிறது என்பதை அதற்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். பலர் தாண்டிப் போகும் படி இது. பிறகு ஸ்பிரிங். தெருவுக்கு விநாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை ஆட்டம், ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டை ஒட்டி, வழவழப்பான பந்தயத் தடத்துக்கு இரண்டுக்கு மேல். பின்பக்க ஆட்டம் முன்பக்கத்தைவிடச் சற்று விரைவாக இருந்தால், மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறிய தாமதத்தைப் பின்சக்கரம் ஈடுகட்டி வண்டி தலையாட்டாமல் போகும். அடுத்தது உயரம். ஸ்பிரிங்கின் இருக்கையை இறக்கி மட்டும் உயரத்தைக் குறைக்கும் மலிவான அமைப்பில், சக்கரம் மேலேறக் கிடைக்கும் தூரமும் சேர்ந்து குறைகிறது. அடிப்பகுதியைத் தனியே நகர்த்தும் அமைப்பில் அது குறையாது. வாங்கும்போது விலைக்கு முன் இதைக் கேட்க வேண்டும். கடைசியில்தான் டேம்பர். அதிலும் சுருங்கும்போது அடக்குவதைவிட விரியும்போது, அதாவது ரீபவுண்டில், அதிகம் அடக்குவதே வழக்கம். அதைக் கூடுதலாக இறுக்கினால் அடுத்த பள்ளம் வருவதற்குள் ஸ்பிரிங் விரிந்து முடிவதில்லை. தொடர் குழிகளில் கார் படிப்படியாகக் கீழே அமர்ந்து ரப்பர் தடுப்பில் முட்டுகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே சாலையில் ஓட்டி, குறித்து வைத்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். புத்தகோசர் கவனத்துக்குக் கொடுத்த இடம் இங்கே குறிப்பேட்டுக்கு உரியது.

இரண்டு துறைகளிலும் மிகுதியாகக் காணும் பிழை தளர்ச்சி அல்ல, இறுக்கம். கடினத்தை ஈடுபாட்டின் அடையாளமாக எடுத்துக்கொள்வதே அதன் வேர். இரத்தம் கசியும் பாதத்தைத் தன் உறுதிக்குச் சான்றாகச் சோணன் கண்டான்; முதுகெலும்பை உலுக்கும் காரை அதன் வேகத்துக்குச் சான்றாக உரிமையாளர் காண்கிறார். டயரின் பிடிப்பு அதன் மேல் விழும் எடைக்கு ஏற்ற விகிதத்தில் வளர்வதில்லை. எடை ஏறி இறங்கி அலைந்தால், ஏறும்போது கிடைப்பதைவிட இறங்கும்போது இழப்பது அதிகம். கரடான சாலையில் மிகக் கடினமான ஸ்பிரிங் டயரை அடிக்கடி தரையிலிருந்து தூக்கிவிடுகிறது. தூக்கிய டயர் திரும்பவும் மாட்டாது, நிற்கவும் மாட்டாது. வலியை நன்மையின் அளவுகோலாகக் கொள்வதை நடுவழி மறுப்பதற்கு இதைவிடத் தெளிவான பௌதிக ஒப்புமை கிடைப்பது அரிது.

கொல்கத்தாவின் தெரு இதற்குக் கடுமையான சோதனைக் களம். டிராம் தண்டவாளமும் அதைச் சுற்றிய கல் பாவிய தரையும், மேம்பாலங்களின் இணைப்புப் பட்டைகளும், மழைக்காலத்தில் காலேஜ் தெருவிலும் தன்தனியாவிலும் முழங்கால் வரை நிற்கும் நீரும் தாழ்ந்த, இறுகிய காருக்கு இடம் தருவதில்லை. அந்த நகரத்தை அரை நூற்றாண்டுக்கு மேல் சுமந்தது உத்தர்பாராவில் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை உருவான அம்பாசிடர் கார். முன்சக்கரங்களுக்கு முறுக்குத் தண்டு, பின்சக்கரங்களுக்குப் பட்டை ஸ்பிரிங், தாராளமான ஏற்ற இறக்கம். வளைவில் அது சாய்ந்தது உண்மை. அந்தத் தெருவுக்கும் அந்தச் சுமைக்கும் அதுவே சுருதி. அதே அமைப்பை ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் இறக்கினால் அது வெறும் தளர்ச்சி. அங்கே சரியாக நிற்கும் பந்தயக் கார் கொல்கத்தாவில் வெறும் இறுக்கம்.

அப்படியானால் நடு என்பது அவரவர் வசதியா என்ற மறுப்பு எழும். எழ வேண்டிய மறுப்புதான். இடத்துக்கு இடம் விடை மாறுகிறதே தவிர, விடையைச் சோதிக்கும் அளவுகோல் மாறுவதில்லை. காரில் அது தரையோடு டயரின் தொடர்பு. சோணனுக்கு அது மனம் விடுபடுகிறதா என்பது. இரண்டையும் விருப்பம் தீர்மானிப்பதில்லை. நடுவழி மிதமானவர்களுக்கான சமரசம் என்ற குறையும் நிற்காது. தளர்த்திக்கொள்ளும்படி சொல்லப்பட்ட சோணன் பின்னர் அருகதர் ஆனான். முயற்சியில் முதல்வன் என்று புத்தர் பெயர் சொல்லிக் குறித்தது அவனைத்தான்.

நடு பொருந்தாத இடங்களும் உண்டு. கொலைக்கும் களவுக்கும் சரியான அளவு என்று ஒன்று இல்லை என்று அரிஸ்டாட்டில் எல்லை கட்டினார். தளர்ந்த போல்ட்டுக்கும் கசியும் டேம்பருக்கும் தேய்ந்த புஷ்ஷுக்கும் அப்படியே. அவற்றைச் சமன்படுத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

சாலை பலருக்குப் பொது என்பதால் இன்னொரு நடுவும் இங்கே தேவைப்படுகிறது. திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரம் பேசும் நடுவு நிலைமை அது: தனக்கும் பிறருக்கும் இடையே தராசு சாயாமல் நிற்பது. தன் காரின் சுருதி ஓட்டுபவருக்கு இனிதாக இருந்தும், மழையில் நிற்க முடியாமல் அது பாதசாரி மேல் போனால், முதல் நடு இரண்டாவதற்கு ஈடாகாது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. கொல்கத்தா போன்ற நகரத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் தொழிற்சாலை அளவை ஒட்டிய ஸ்பிரிங்கும், அதற்கு இணங்கிய டேம்பரும், குறையாத சக்கர ஏற்ற இறக்கமும் கொண்ட அமைப்பைத் தெருவுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கடினமான அமைப்பின் இடம் பந்தயத் தடம் மட்டுமே.