திறந்து பார்க்காத சிலம்பு



மதுரையில் கோவலன் வெட்டுண்ட கதை நீங்கள் அறிந்ததே. அரசியின் சிலம்பைத் திருடியவன் இவனே என்று பொற்கொல்லன் சொன்னான். மன்னன் அதை நம்பினான். பின்னர் கண்ணகி வந்து அந்தச் சிலம்பை உடைத்தபோது தெறித்தவை மாணிக்கப் பரல்கள். அரசியின் சிலம்பில் இருந்தவையோ முத்துக்கள். கொலைக்கு முன் ஒரு முறை திறந்து பார்த்திருந்தால் ஓர் உயிர் தப்பியிருக்கும். கொலைக்குப் பின்பும், ஒரு பெண் வந்து கேட்கும்வரை, அரண்மனைக்குள் கிடந்த அந்தச் சான்றை எவரும் திறந்து பார்க்கவில்லை.

இன்று அந்தச் சிலம்பு வேறு வடிவில் நம்மிடையே இருக்கிறது. அது தோட்டத்து ஆபீஸின் கணனிக்குள் இருக்கிறது; நம் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசிக்குள்ளும் இருக்கிறது. வழக்கென்று வந்தால் அதைத் திறந்து காட்ட வேண்டியவர் யார்? காட்டினால் தமக்கே தோல்வி என்று தெரிந்தாலும் காட்டத்தான் வேண்டுமா? இக்கேள்வியைப் பற்றி உங்களோடு சேர்ந்து சற்றுச் சிந்திக்க விரும்புகிறேன்.

தராசு சொன்னதும் தாள் சொன்னதும்

தெரணியகலைப் பகுதியில் தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து நிற்கும் மலைச்சரிவுகளை அறிந்தவர்களுக்குச் செக்ரோல் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு அன்று முழுப் பேரா, அரைப் பேரா என்பது அந்தப் புத்தகத்தில் மையினால் எழுதப்பட்டது. அதில் கணக்கப்பிள்ளை தவறு செய்யலாம். வேண்டுமென்றே அநியாயமும் செய்யலாம். ஆனால் மையை அழித்தால் தாளில் வடு தெரியும்.

இப்போது இலங்கைத் தோட்டங்கள் சிலவற்றில் கொழுந்து மின்னணுத் தராசில் நிறுக்கப்படுகிறது. தொழிலாளியின் அடையாள அட்டையைக் காட்டியதும் நிறை பதிவாகி ஆபீஸ் கணனிக்குச் சென்றுவிடுகிறது.

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். இருபத்திரண்டு வருடம் கொழுந்து பறித்த ஒரு தாய், மூன்று வாரமாக வேலைக்கு வராமல் தாமாகவே வேலையை விட்டுவிட்டார் என்று சொல்லிப் பேர் வெட்டப்படுகிறார். அவரோ, "அந்த நாட்களிலும் நான் மலைக்குப் போனேன்" என்கிறார். விடயம் தொழில் நியாய சபைக்குப் போகிறது. கம்பனியின் சட்டத்தரணியிடம் கணனியில் அச்சடித்த தாள் ஒன்று தரப்படுகிறது. அதில் அந்த மூன்று வாரமும் வெறுமையாக இருக்கிறது. ஆனால் ஆபீஸ் கிளாக்கர் தனியே வந்து சொல்கிறார்: "ஐயா, தராசின் பதிவில் ஆறு நாட்களுக்கு அவருடைய அட்டையில் நிறை விழுந்திருக்கிறது. மாத முடிவில் பட்டியலைத் திருத்தியபோது அது விடுபட்டிருக்கிறது."

தராசின் பதிவைப் பற்றி அந்தத் தாய்க்குத் தெரியாது. அவர் தரப்பில் தோன்றுபவருக்கும் தெரியாது. எவரும் கேட்கவுமில்லை. வாசகரே, நீங்கள் அந்தச் சட்டத்தரணியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

மௌனம் எங்கே முடிகிறது?

"என்னை அடிக்க எதிராளிக்கு நானே கல்லெடுத்துக் கொடுக்க வேண்டுமா?" என்று நம்மில் பலர் கேட்போம். இக்கேள்வியை இகழ்ந்து ஒதுக்கிவிட முடியாது. கட்சிக்காரர் தம்மை நம்பிச் சொன்ன இரகசியத்தைச் சட்டத்தரணி காக்க வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் ஏழையும் தன் சட்டத்தரணியிடம் உண்மை பேச அஞ்சுவான். 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டமும் இந்த இரகசியத்துக்குப் பாதுகாப்பு அளித்திருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாரும் இதை ஆராய்ந்தார். தம் தரப்புக்குப் பாதகமானதை வழக்குரைப்பவர் விவேகத்தோடு சொல்லாமல் விடலாம்; ஆனால் எவ்விதப் பொய்யையும் கையாளக் கூடாது என்பது அவர் முடிவு. அதே நூலில் இன்னொன்றும் சொல்கிறார்: நீதிபதி சட்ட முறைப்படி கேட்கும்போது, தனக்குத் தண்டனை வரும் என்றாலும் உண்மையை மறுப்பது பெரும் பாவம்.

ஆகவே மௌனத்துக்கு இடமுண்டு, எல்லையும் உண்டு. அந்த எல்லை எது?

நம் கற்பனை வழக்கையே பாருங்கள். சட்டத்தரணி அந்த அச்சுத் தாளைச் சபைக்கு நீட்டி, "இதுவே இவருடைய வேலைப் பதிவு" என்று சொல்லும் கணத்தில் மௌனம் முடிந்துவிடுகிறது. தாளை நீட்டுவதும் ஒரு பேச்சே. பாதியை முழுமை என்று காட்டினால் அது பொய்ப் பேச்சு. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை கூண்டில் ஏறி நிற்பவனுக்கு மட்டும் தரப்பட்டதன்று.

அப்படியானால் அவர் செய்ய வேண்டியது என்ன? கிளாக்கர் சொன்னதை எதிர்த் தரப்பிடம் ஓடிச் சென்று சொல்வதன்று. முதலில் தம் கட்சிக்காரரிடமே பேச வேண்டும். தராசுப் பதிவை அழியாமல் காக்கச் சொல்ல வேண்டும். அதையும் சேர்த்துக் காட்டும்படியோ, அந்தத் தாயோடு நியாயமாகச் சமாதானமாகும்படியோ அறிவுரை சொல்ல வேண்டும். கம்பனி இணங்காவிட்டால் அந்தத் தாளை உண்மையென்று சமர்ப்பிக்க மறுக்க வேண்டும். வழக்கிலிருந்தே விலகவும் நேரிடலாம். சட்டத்தரணி தாமும் நீதிமன்றத்தை ஏமாற்றக் கூடாது, கட்சிக்காரர் ஏமாற்ற இடமளிக்கவும் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் 1988 ஆம் ஆண்டு நடத்தை விதிகள் கூறுகின்றன.

சட்டம் திறந்த கதவு

ஒருவரிடமுள்ள ஆவணங்களை வெளிப்படுத்தும்படி கட்டளையிடும் அதிகாரம் நம் நீதிமன்றங்களுக்குப் புதிதன்று. 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையிலேயே அது உண்டு. காட்டக்கூடிய சான்றை ஒருவர் மறைத்தால் அது அவருக்கே பாதகமானது என்று ஊகிக்கலாம் எனச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 114 ஆம் பிரிவு சொல்கிறது. தொழில் நியாய சபையோ அந்தக் கட்டளைச் சட்டத்தின் விதிகளால் கட்டுப்படாதது. நீதியும் நியாயமுமான கட்டளை வழங்குவதே அதன் பணி.

கணனி வந்தபின் இரண்டு சட்டங்கள் பிறந்தன. 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒலி, ஒளிப் பதிவையோ கணனிச் சான்றையோ முன்வைக்க விரும்புபவர், விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்னரே எதிராளிக்கு அறிவித்து, பட்டியலையும் பிரதியையோ போதிய விபரத்தையோ நீதிமன்றில் கொடுக்க வேண்டும். எதிராளி 15 நாட்களுக்குள் அந்தச் சான்றையும் இயந்திரத்தையும் பார்வையிட அனுமதி கேட்கலாம்.

2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் வேறு வழியில் செல்கிறது. எதிர்மாறாக நிரூபிக்கப்படாதவரை இலத்திரனியல் பதிவில் உள்ளதை உண்மையென்றே ஊகிக்க வேண்டும் என்கிறது. தனக்குட்பட்ட பதிவுகளுக்கு 1995 ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்றும் கூறுகிறது.

வணிகம் தடையின்றி நடக்க இது உதவும். ஆனால் இந்த ஊகத்தின் பாரம் யார் தோளில் விழுகிறது என்று பாருங்கள். "கணனி சொல்வது பிழை" என்று அந்தத் தாய் நிரூபிக்க வேண்டும். நிரூபிப்பதற்கான சான்றோ கம்பனியின் கணனிக்குள் இருக்கிறது! பூட்டும் அங்கே, திறப்பும் அங்கே. சட்டம் இவ்வளவு நம்பிக்கையை ஒரு பதிவின்மேல் வைக்கும்போது, அதை வைத்திருப்பவரின் மனச்சாட்சிமேல் அதைவிடப் பெரிய பொறுப்பை வைக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

ஓர் அஞ்சலகத்தின் பாடம்

இது வெறும் அச்சம் அல்ல என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. அங்கே கணனி சரியாக இயங்கியதாகவே கொள்ளும் வழக்கம் 1999 ஆம் ஆண்டுச் சட்ட மாற்றத்தோடு வலுப்பெற்றது. அதே காலத்தில் அஞ்சலக நிறுவனம் 'ஹொரைசன்' என்ற கணக்குமுறையைத் தன் உப அஞ்சலகங்களில் புகுத்தியது. கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. சிற்றூர்களில் உப அஞ்சலகம் நடத்திய எளிய மனிதர்கள், "நான் எடுக்கவில்லை" என்று அழுதார்கள். கணனியை நம்பிய நீதிமன்றங்கள் அவர்களை நம்பவில்லை. 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர்; சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர்.

அந்தக் கணக்குமுறையில் பிழைகள் இருந்தன. அறியப்பட்ட பிழைகளின் பதிவேடு ஒன்றும் இருந்தது. பாதிக்கப்பட்டோர் ஒன்றுசேர்ந்து வழக்குத் தொடர்ந்தபோது அதைக் காட்டவும் நிறுவனம் முதலில் பின்வாங்கியது. 2019 டிசம்பரில் நீதிபதி பிறேசர் பிழைகளை உறுதிசெய்தார். 2021 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகளை ஒரே நாளில் நீக்கியது. 2024-இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி எஞ்சியோரில் நூற்றுக்கணக்கானோரின் தீர்ப்புகளைத் துடைத்தது.

இவ்வளவு இருளிலும் ஒரு சிறு வெளிச்சம் உண்டு. 2013-இல், பிழைகளைப் பற்றிய கூட்டங்களின் குறிப்புகளை அழிக்கும்படி சொல்லப்பட்டதாக அறிந்த வழக்கறிஞர் ஒருவர், அவற்றைப் பதிந்து காக்கும் கடமையை எவரும் தட்டிக்கழிக்க முடியாது என்று தம் கட்சிக்காரரான நிறுவனத்துக்கே எழுத்தில் எச்சரித்தார். தம் தரப்புக்கு விசுவாசமாக இருப்பதற்கும் பொய்க்குத் துணைபோவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் அறிந்திருந்தார்.

நம் கையிலுள்ள சிலம்பு

துரைமாருக்கும் கம்பனிகளுக்கும் மட்டும் இதைச் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. இன்று லயத்து இளைஞர் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. மலையில் கணக்கப்பிள்ளைக்கும் தொழிலாளிக்கும் தகராறு மூள்கிறது. படம் பிடிக்கிறோம். நம்மவர் முதலில் கை ஓங்கிய பகுதியை வெட்டிவிட்டு, அவர் திருப்பித் தள்ளியதை மட்டும் ஊரெல்லாம் அனுப்புகிறோம். வழக்கு வரும் என்று தெரிந்ததும் வாட்ஸ்அப்பில் நாம் எழுதியவற்றை அழிக்கிறோம். ஏழை என்பதால் பாதி உண்மை முழு உண்மையாகிவிடுமா? ஆகாது. மேலும், நம் வெட்டு ஒன்று வெளிப்பட்டால் நம் பக்கத்து நியாயம் முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகும்.

எனவே இருபாலாருக்கும் கடமை ஒன்றே. பிணக்கு வரும் என்று தெரிந்த நாளிலிருந்து எதையும் அழிக்காதிருத்தல். தாமாக அழியும் பதிவுகளையும் நிறுத்தி வைத்தல். தேடும்போது சாதகமானதைப் போலவே பாதகமானதையும் தேடுதல். காட்டும்போது, வேண்டியதை ஆயிரம் தாள்களுக்குள் புதைத்துக் கொடுக்காமல், மற்றவர் கண்டறியும் வகையில் காட்டுதல். அதே வேளை வழக்குக்குச் சம்பந்தமில்லாத பிறருடைய நோய், கடன், குடும்ப விபரம் என்பவற்றை வெளியே சிந்தாதிருத்தல். எதிராளியின் இரகசியக் கடிதம் தவறுதலாக நம் கைக்கு வந்தால் அதைப் படித்து இலாபம் தேடாமல் திருப்பிக் கொடுத்தல்.

இவை செலவு வைக்கும் காரியங்கள்தாம். சிறு பிணக்குக்காக ஒரு கம்பனியின் கணனி முழுவதையும் குடைய வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஆறு நாள் தராசுப் பதிவை எடுத்துக் காட்ட ஒரு மணி நேரம் போதும். அதற்கு வேண்டியது பணத்தைவிட மனமே.

இறுதியாக அந்தக் கிளாக்கரை நினைத்துப் பாருங்கள். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. வேலை போய்விடும் என்ற பயமும் உண்டு. ஆயினும் அவர் வாய் திறந்தார். அவரைத் தண்டிக்கும் நிர்வாகம், அடுத்த முறை தனக்கே உண்மை தேவைப்படும்போது அதைச் சொல்ல ஆளில்லாமல் நிற்கும். அவர் சொன்னதைக் கேட்டும் கேளாதவராய்ச் சட்டத்தரணி கோப்பை மூடிவிட்டால், இருபத்திரண்டு வருடம் கூடை சுமந்த ஒருவரின் பேர் ஒரு வெற்றுத் தாளினால் அழிந்துபோகும்.

மதுரையில் சிலம்பைத் திறக்கக் கண்ணகி வர வேண்டியிருந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. வாசகரே, உங்கள் ஆபீஸ் மேசையிலோ உங்கள் கைத்தொலைபேசியிலோ இன்னொருவரின் நியாயம் பூட்டிக் கிடக்குமானால், அவர் வந்து கதவைத் தட்டும்வரை காத்திராதீர்கள்.