சான்றிதழும் சாட்சியமும்

கல்லூரியில் பயிலும் பிள்ளைகளைப் பெற்ற இல்லங்களில் இன்று புழங்கும் சொற்கள் சில, ஒரு தலைமுறைக்கு முன்பு அங்கே கேட்டறியாதவை. ‘உள்ளகப் பயிற்சி’, ‘வளாக நேர்காணல்’, ‘வேலைவாய்ப்புத் திறன்’ என்பன அவற்றுள் சில. பள்ளிப் படியேறாத தாயும்கூட, “இன்டர்ன்ஷிப் முடிந்ததா?” என்று மகளிடம் கேட்கிறார். சொல் வந்த விரைவில் அதன் பொருளும் நம்மிடம் வந்து சேர்ந்ததா என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. மாணவர் ஒருவர் தொழிற்சாலைக்கோ அலுவலகத்துக்கோ சென்று சில வாரங்கள் பயில்வதையும், அதற்குச் சான்றிதழ் பெறுவதையும் கல்வித் துறையின் ஏற்பாடு என்று மட்டுமே பேசி வருகிறோம். ஆனால் அவ்வேற்பாட்டினுள் நீதியையும் வாய்மையையும் சார்ந்த வினாக்கள் அடங்கியுள்ளன. அவற்றைப் பொருளியல் அறிஞர்களிடம் விட்டுவிட்டு நாம் ஒதுங்கி நிற்பது முறையாகாது.

நாம் வாழும் திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்வோம். 1989இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதி, பெரிதும் வேளாண்மையை நம்பி வாழ்வது. நகரின் வாணிகம் கோயிலையும் கிரிவலத்தையும் சார்ந்தது. பௌர்ணமியையும் கார்த்திகைத் தீபத்தையும் எதிர்நோக்கியே விடுதிக்காரரும் பூ விற்பவரும் ஆட்டோ ஓட்டுநரும் கணக்குப் போடுகின்றனர். பெரிய தொழிற்சாலைகளைக் காண வேண்டுமாயின் செய்யாறு சிப்காட் வரை செல்ல வேண்டும். அங்கே பெயர்பெற்றவை காலணித் தொழிற்சாலைகள். அவற்றில் உழைப்போருள் பெரும்பாலோர் பெண்கள். 1966இல் நகரில் அரசு கலைக் கல்லூரி தோன்றியபின், செங்கம், போளூர், கலசபாக்கம், தண்டராம்பட்டுப் பகுதிகளின் ஏழைப் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு எட்டும் தொலைவில் வந்தது. அகில இந்திய உயர்கல்வி ஆய்வின் 2021-22ஆம் ஆண்டு அறிக்கைப்படி, உயர்கல்வியில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. இந்தியா முழுவதற்குமான விகிதம் 28.4 விழுக்காடு. நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி இது. ஆயினும், பட்டம் பயிலும் பிள்ளைகள் பெருகிய அளவிற்கு அவர்கள் தொழில் பழகுவதற்குரிய களங்கள் இம்மாவட்டத்தில் பெருகவில்லை. வரலாறும் வேதியியலும் வணிகவியலும் படிக்கும் இத்தனை பேரையும் பயிற்சிக்கு அனுப்ப இங்கே எத்தனை நிறுவனங்கள் உள்ளன?

பயிற்சி தேவையற்றது என்று கூறுவது என் கருத்தன்று. ஏட்டறிவு மட்டும் பெற்றவர், பணியிடத்தில் மேலாளரிடம் எவ்வாறு பேசுவது, குறித்த நேரத்தில் வேலையை எவ்வாறு முடிப்பது, தவறு நேர்ந்தால் எவ்வாறு சொல்வது என்பவற்றை அறியாமல் திகைப்பதை நாம் காண்கிறோம். தந்தையோ தாயோ அலுவலகம் ஒன்றில் பணியாற்றிய வீட்டுப் பிள்ளை இவற்றை உணவுவேளைப் பேச்சிலேயே கற்றுக்கொள்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அந்தக் குறையை நிரப்பப் பயிற்சி துணை செய்யும். தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1ஆம் நாள் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் இத்தேவையை உணர்ந்து எழுந்ததே. ஆதலால் பயிற்சி வேண்டுமா என்று நாம் வினவவில்லை. எத்தகைய பயிற்சி, யாருடைய நலனுக்காக, யாருடைய செலவில் என்பனவே நம் வினாக்கள்.

முதலில் வாய்மையைப் பற்றிப் பேசுவோம். சான்று என்பது கண்டவர் சொல்லும் சொல். ‘இவர் எம்மிடம் இத்தனை நாள் இருந்தார், இன்னின்ன கற்றார், நாங்கள் கண்டோம்’ என்று ஒருவர் கையொப்பமிட்டுச் சாட்சி கூறுவதே சான்றிதழ். இன்றோ, பயிற்சிக்கு ஒரு நாளும் செல்லாத மாணவருக்கும் பணம் பெற்றுக்கொண்டு சான்றிதழ் அச்சிட்டுத் தரும் இடங்கள் உண்டு. ஆய்வேட்டையும் அவ்வாறே விலைக்கு வாங்கலாம். மாணவர் இதை அறிவர், ஆசிரியரும் அறிவர், அறிந்தும் மதிப்பெண் இடப்படுகிறது. எட்டாம் கட்டளை பொய்ச்சாட்சியை விலக்குகிறது. அது நீதிமன்றக் கூண்டுக்கு மட்டும் உரியது என்று நாம் எண்ணிவிடலாகாது.

இங்கே குற்றம் யாருடையது? பாவத்தின் கனத்தை அளக்கும்போது, செயலின் தன்மையையும் செய்தவரின் அறிவையும் சம்மதத்தையும் சேர்த்தே நோக்க வேண்டும் என்று அறநெறி இறையியல் கற்பிக்கிறது. சான்றிதழை விலைக்கு வாங்கும் மாணவி, அது பொய் என்று அறிவாள். ஆயினும், பயிற்சிக்கு இடம் தேடிப் பல கதவுகளைத் தட்டியும் திறவாத நிலையில், சான்றிதழ் இல்லையேல் பட்டம் இல்லை என்று விதி வற்புறுத்தும்போது, அவளுடைய சம்மதம் முழுமையானது என்று சொல்ல இயலுமா? நெருக்கடி அவளது குற்றத்தைக் குறைக்கிறது, பொய்யை மெய்யாக்குவதில்லை. இடம் காட்டாமல் விதியை மட்டும் வகுத்த நிறுவனத்தின் பொறுப்போ அதனினும் பெரிது. செய்ய இயலாததைக் கட்டளையிட்டுவிட்டு, செய்ததாகக் காட்டும் தாளைப் பெற்றுக்கொண்டு மனநிறைவு அடைவோர், இளையோருக்கு வாழ்வின் வாயிலிலேயே பொய்யைப் பாடமாக நடத்துகின்றனர். எதிலும் தாள் இருந்தால் போதும் என்ற பாடத்தைக் கற்றவர், நாளை அலுவலராகவோ ஆய்வகப் பணியாளராகவோ அமரும்போது அதை மறந்துவிடுவார் என்பதற்கு என்ன உறுதி? மருந்தைச் சோதியாமலே சோதித்ததாக எழுதும் கையும் இவ்வாறே பழகுகிறது.

அடுத்தது நீதி பற்றிய வினா. உண்மையான பயிற்சி பெற விரும்பும் நம் மாணவர் பெரும்பாலும் சென்னைக்கோ பெங்களூருக்கோ செல்ல வேண்டியுள்ளது. திருவண்ணாமலையிலிருந்து இவ்விரண்டும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. அங்கே தங்கவும் உண்ணவும் போய்வரவும் ஆகும் செலவை யார் தருவது? பயிற்சிக்கு ஊதியம் இல்லை. சில இடங்களில் பயிற்சி பெறுபவரிடமே கட்டணம் வாங்குகின்றனர். அரசு ஊழியரின் மகன் அந்த இரண்டு மாதங்களைத் தாங்கிக்கொள்வான். விடுமுறை நாட்களில் களையெடுத்தும் கடையில் நின்றும் அடுத்த பருவக் கட்டணத்தைச் சேர்க்கும் மாணவிக்கு, ஊதியமற்ற இரண்டு மாதம் என்பது இரட்டை இழப்பு. பின்னர் நேர்காணலில் இருவரையும் ஒன்றாக அமர்த்தி, ‘அனுபவம் உண்டா?’ என்று வினவுகிறோம். அவன் கையில் இருப்பது அனுபவம் என்றும், அவள் கடையில் கணக்கெழுதிய ஆண்டுகள் ஒன்றுமில்லை என்றும் தீர்ப்பளிக்கிறோம்.

கல்வியையும் தொழிலையும் இணைக்கும் பேச்சு எழும்போதெல்லாம் தமிழகத்துக்கு ஒரு பழைய நினைவும் எழும். 1953இல் இராஜாஜியின் அரசு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் நாளின் ஒரு பகுதியைப் பள்ளியிலும் மற்றொரு பகுதியைப் பெற்றோரின் தொழிலைப் பழகுவதிலும் கழிக்கலாம் என்றதொரு திட்டத்தைக் கொண்டுவந்தது. கைத்தொழிலின் மதிப்பை உணர்த்துவதே நோக்கம் என்று கூறப்பட்டது. ஆனால் எந்தப் பிள்ளை எந்தத் தொழிலுக்குப் போவது என்பதைப் பிறப்பே முடிவு செய்யும் என்று கண்ட மக்கள் அதைக் ‘குலக்கல்வி’ என்று அழைத்து எதிர்த்தனர். பெரியாரும் பிறரும் போராடினர். 1954இல் முதலமைச்சர் பொறுப்பேற்ற காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். உழைப்பை இழிவென்று கருதியதால் எழுந்த எதிர்ப்பன்று அது. ஏழையின் பிள்ளைக்கு ஒருவகைக் கல்வி, ஏனையோர் பிள்ளைக்கு வேறுவகைக் கல்வி என்ற பிரிவினையையே தமிழ் மக்கள் ஏற்கவில்லை. இன்றைய பயிற்சித் திட்டங்களையும் அதே உரைகல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டும். நகரத்துப் பெரிய கல்லூரி மாணவர் வடிவமைப்பும் ஆய்வும் பயிலும்போது, நம் பிள்ளைகள் பயிற்சி என்ற பெயரில் பொட்டலம் கட்டவும் கோப்பு அடுக்கவும் மட்டும் அனுப்பப்பட்டால், பழைய பிரிவினை புதிய பெயரோடு திரும்பியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இவ்வினாக்களுக்குத் தெளிவான விடையளித்த ஏடு ஒன்று திருச்சபை வரலாற்றில் உண்டு. 1852 பிப்ரவரி 8ஆம் நாள், இத்தாலியின் தூரின் நகரில், தச்சுத் தொழில் பழக வந்த ஜுசெப்பே ஓதாசோ என்னும் இளைஞருக்காகப் புனித தொன் போஸ்கோ முன்நின்று முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதச் செய்தார். தொழில் கற்பிக்கும் தச்சர், பழகும் இளைஞர், அவருடைய தந்தை, தொன் போஸ்கோ ஆகியோர் அதில் கையொப்பமிட்டனர். குறித்த காலத்துக்குள் தொழிலை முறையாகக் கற்பிக்க வேண்டும். அத்தொழிலைச் சாராத வேறு வேலைக்கு அவரை ஏவக்கூடாது. வலிமைக்கு மீறிய வேலை தரக்கூடாது. பிழை நேர்ந்தால் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும். திருநாட்களில் ஓய்வளிக்க வேண்டும். கூலி தர வேண்டும். ஏறத்தாழ இவையே அதன் விதிகள். தொழிற்புரட்சியால் கிராமங்களிலிருந்து நகருக்குத் திரண்டு வந்த சிறுவர்களை முதலாளிகள் எடுபிடிகளாகப் பயன்படுத்திய காலம் அது. அச்சிறுவர்களுக்காக இரங்கிச் செபித்ததோடு அப்புனிதர் நின்றுவிடவில்லை. யார் கற்பிப்பார், எதைக் கற்பிப்பார், எதைச் செய்யலாகாது என்பவற்றை எழுதி வாங்கினார்.

நம் நாட்டுச் சட்டமும் இவ்வழியில் ஓரளவு நடந்துள்ளது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பழகுநருக்கும் நிறுவனத்துக்கும் இடையே எழுத்துமூல ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. பணியில் காயமுற்றால் இழப்பீட்டுக்கும் வழி செய்கிறது. 2014இல் செய்யப்பட்ட திருத்தம் பொறியியல் படிக்காத பட்டதாரிகளுக்கும் அதன் வாயிலைத் திறந்தது. 2019இன் விதிகள் பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாய் குறைந்த அளவு உதவித்தொகை என்று வரையறுத்தன. நடுவண் அரசு 2024இல் அறிவித்த பிரதமர் உள்ளகப் பயிற்சித் திட்டம், மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையுடன் 5 ஆண்டுகளில் 1 கோடி இளைஞருக்குப் பெரிய நிறுவனங்களில் பயிற்சி தரும் இலக்கை வகுத்தது. ஆனால் அவ்வாண்டு அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கியபோது முழுநேரக் கல்வியில் இருப்போர் அதில் சேர இயலவில்லை. ஆக, பாடத்திட்டத்தின் பகுதியாகச் சில வாரங்கள் அனுப்பப்படும் சாதாரணக் கல்லூரி மாணவருக்குப் பெரும்பாலும் ஒப்பந்தமும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. 1852இல் தூரின் நகரத்துத் தச்சுப் பழகுநருக்குக் கிடைத்த காப்பு இன்று நம் பட்டதாரி மாணவருக்குக் கிடைக்கவில்லை என்பது நம்மை உறுத்த வேண்டிய செய்தி.

இனி, ‘வேலைவாய்ப்புத் திறன்’ என்ற சொல்லை நோக்குவோம். வேலை கிடைக்காமைக்குக் காரணம் வேலை தேடுபவரின் குறையே என்று அச்சொல் மெல்லச் சொல்லிவிடுகிறது. திராட்சைத் தோட்டத் தொழிலாளர் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமை நினைவுக்கு வருகிறது. மாலை வேளையிலும் சந்தைவெளியில் நின்றவர்களை, ஏன் வேலையின்றி நிற்கிறீர்கள் என்று தோட்டக்காரர் வினவுகிறார். எங்களை எவரும் அமர்த்தவில்லை என்பதே அவர்களின் விடை. உங்களுக்குத் திறன் இல்லை போலும் என்று அவர் சொல்லவில்லை; தோட்டத்துக்கு அனுப்புகிறார். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் நிலை குறித்து எழுதினார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில், உழைப்பின் மதிப்புக்கு அடிப்படை உழைக்கும் மனிதரே என்றும், மனிதருக்காகவே உழைப்பு என்றும் விளக்கினார். இப்போதனையை ஏற்பவர், ‘இந்த இளைஞர் வேலைக்குத் தகுதியானவரா?’ என்று கேட்கும்போதே, ‘இந்த வேலை ஒரு மனிதருக்குத் தகுதியானதா?’ என்றும் கேட்கக் கடமைப்பட்டவர்.

நாம் என்ன செய்யலாம்? பெற்றோர், கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்பதோடு, பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறீர்கள், அங்கே யார் கற்பிக்கிறார், செலவை யார் ஏற்கிறார் என்றும் கேட்கலாம். ஆசிரியப் பணியில் உள்ள நம் மக்கள், பயிற்சியிடத்துக்கு ஒருமுறையேனும் நேரில் சென்று பார்த்த பின்னரே மதிப்பெண் இடுவதை வழக்கமாக்கலாம். கடை, அச்சகம், மருத்துவமனை, கணக்கர் அலுவலகம் நடத்துவோர், ஆண்டுக்கு ஒரு மாணவரையாவது ஏற்று, பேருந்துக் கட்டணமும் மதிய உணவுமாவது தந்து, உண்மையாகவே கற்பித்து, கண்டதை மட்டும் சான்றாக எழுதித் தரலாம். திருச்சபை நடத்தும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் சமூகப்பணி மையங்களும் இதில் முன்மாதிரியாக நிற்க வேண்டியவை. அங்கே பயிற்சி பெற வருபவர் ஊதியமற்ற ஊழியராக நடத்தப்பட்டால் நம் போதனையை யார் நம்புவர்?

மாணவர்க்கும் ஒரு சொல். பயிற்சிக்கு நல்ல இடம் கிடைக்கவில்லையெனில், அவ்வுண்மையை எழுதித் துறைத்தலைவரிடம் பலராகச் சேர்ந்து கொடுங்கள். ஒருவர் கேட்டால் முணுமுணுப்பு என்று தள்ளுவர். வகுப்பு முழுவதும் கேட்டால் கல்லூரி இடம் தேடியாக வேண்டும். உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கத்திலும் நூலகத்திலும் நெசவுக் கூடத்திலும் கற்கத் தக்கவை நிறைய உள்ளன. அங்கே உண்மையாகக் கழித்த பதினைந்து நாட்கள், விலைக்கு வாங்கிய இரண்டு மாதச் சான்றிதழைவிட உங்களுக்கு நெடுங்காலம் உதவும். நேர்காணலில் யாரேனும் அதைக் குறித்துத் துருவிக் கேட்டாலும், செய்ததைச் செய்தவாறே சொல்ல உங்களால் இயலும்.