மெய்யும் மெய்ம்மையும்

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விற்பனைக்கு வருகிறது. சாயம் கண்ணைப் பறிக்கிறது. எஞ்சின் முதல் திருப்பிலேயே உயிர் பெறுகிறது. "இவ்வண்டியில் இதுவரை எவரும் கைவைத்ததில்லை" என்கிறார் விற்பவர். வாங்க வந்தவரின் உள்ளம் குளிர்கிறது. அவர் ஐயுறத் தொடங்க வேண்டிய இடம் அதுவே அன்றோ?

இரும்பு துருப்பிடிக்கும், இரப்பர் இறுகும், எண்ணெய் கசியும். பல்லாண்டு ஓடியும் பழுது பார்க்கப்படாத வண்டி அறவே இல்லையெனக் கூறுவதற்கில்லை; ஆயின் அது மிக அரிது. ஆகவே, கேட்க வேண்டிய வினா 'பழுது பார்க்கப்பட்டதா?' என்பதன்று, 'எது, எப்போது, எவ்வாறு, யாரால் பழுது பார்க்கப்பட்டது?' என்பதே.

தமிழில் 'மெய்' என்னும் சொல் உடலையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். பழைய காரைப் பொறுத்தவரை இவ்விரு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன. 1961ஆம் ஆண்டு ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஜாக்குவார் இ-டைப் காரையே எடுத்துக்கொள்வோம். அதன் நடுப்பகுதிக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. உடற்கூடே சுமையைத் தாங்குகிறது. கதவுகளின் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பெட்டிகள் உள்ளிருந்து துருவேறினால் வண்டியின் முதுகெலும்பே தளர்ந்துவிடும். அவற்றை முறைப்படி வெட்டி நீக்கிப் புதிய தகட்டைப் பற்றவைப்பது நெடிய வேலை, செலவும் மிகுதி. துருவின்மேல் புட்டியைத் தடவித் தேய்த்துச் சாயம் பூசுவதோ சில நாள் வேலை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சிறு காந்தம் புட்டி தடித்த இடத்தில் ஒட்டாமல் நழுவும். கதவின் இடுக்கு ஓரிடத்தில் குறுகி மற்றோரிடத்தில் அகன்றிருந்தால் கூடு வளைந்திருக்கக்கூடும். எஞ்சின் எண் அதன் அடிப்பாகத்திலும் தலைப்பாகத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் வேறுபட்டால் ஒன்று பிற வண்டியிலிருந்து வந்தது என அறியலாம். வாய் மறைத்ததை மெய் சொல்லிவிடுகிறது.

எனினும், பொய் எப்போதும் விற்பவரிடமே பிறப்பதில்லை. தமக்கு முன்னிருந்த உரிமையாளர் சொன்னதை அவர் நம்பியிருக்கலாம். வண்டி கைமாறும்போது அதன் கதையும் கைமாறுகிறது. மாறுந்தோறும் அதற்கும் ஒரு புதுச்சாயம் ஏறுகிறது.

தனியார் ஒருவர் மற்றொருவருக்கு விற்கும்போது பொய் கூறினால் இங்கிலாந்துச் சட்டத்தில் வழக்குத் தொடுக்க இடமுண்டு. கேளாதபோது வாளாவிருந்தால் பொதுவாக இடமில்லை. ஆராய்ந்து கொள்வது வாங்குபவர் பொறுப்பு. சட்டம் நிற்கும் இவ்வெல்லையில் அறம் நின்றுவிடலாகாது. புட்டிக்கு அடியில் இருப்பதை அறிந்தவர், அவ்வண்டியில் நாளை இருவர் அமர்ந்து விரைந்து செல்வர் என்பதையும் அறிந்தவரே.

ஆனால், பழியனைத்தையும் விற்பவர் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. ஒருவர் தகடு மாற்றிய பற்றுச்சீட்டுகளையும், வேலையின் ஒவ்வொரு நிலையிலும் எடுத்த படங்களையும் மேசைமேல் பரப்புகிறார். வாங்க வந்தவர் ஒவ்வொரு சீட்டையும் காட்டி விலையைக் குறைக்கிறார். பிறகு அடுத்த தெருவுக்குச் சென்று, சீட்டே இல்லாத, 'எவரும் கைவைக்காத' வண்டியைக் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறார். முதலாமவர் அடுத்த முறை அந்தச் சீட்டுகளை வெளியே எடுப்பாரா? உண்மைக்குத் தண்டம் விதிக்கும் சந்தையில் ஊமைகளே பெருகுவர். பழுதைக் களங்கமாகக் கருதும் வாங்குபவரின் ஆசையும் அவ்வஞ்சனைக்குப் பங்காளியே.

அங்ஙனமாயின், எவ்வளவுதான் மாற்றினாலும் அஃது அதே வண்டிதானா? தேர் என்பது சக்கரமா, அச்சா, நுகமா என்று நாகசேனர் மிலிந்த மன்னனை வினவியதாகப் பாலி நூல் கூறும். ஏறத்தாழ அவ்வினாவே 1990இல் இலண்டன் உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. 'ஓல்டு நம்பர் ஒன்' எனப் பெயர்பெற்ற பென்ட்லி பந்தயக் கார் 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் வென்றது. 1932இல் எட்டு லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டு புரூக்லண்ட்ஸ் களத்தில் ஓடியபோது சாய்தளத்தின் மேல்விளிம்பைத் தாண்டி விழுந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். பின்னர் அது மூடிய கூண்டு கொண்ட சாலை வண்டியாக மீண்டும் உருப்பெற்றது. அதனை 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் செய்த நிறுவனம், 'இஃது அந்த வண்டியன்று' என வாதிட்டுப் பின்வாங்கியது.

நீதிபதி ஒட்டன், அவ்வண்டி ஒருநாளும் இல்லாதொழிந்து வேறொன்றாக முளைக்கவில்லை என்றும், அப்பெயருக்கு உரிமை கோரத்தக்க வேறு வண்டி எதுவும் இல்லை என்றும் கண்டு, விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார். எஞ்சின் மாற்றம், விபத்து, கூண்டு மாற்றம் என்று தொடர்ந்த பழுதுகளின் வரலாறே அங்கு அதன் அடையாளச் சான்றாக நின்றது. 1930இல் லெ மான் பாதையைச் சுற்றிவந்த இரும்பில் அதனிடம் எஞ்சியிருந்தவை என அவர் கண்டவை கியர் பெட்டியின் உறை, ஸ்டீயரிங் தண்டு, பெடல் தண்டு ஆகியவையே.